தண்ணீரின் பிடி

1989 ஜூன் மாதம் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தேன். பிளஸ் டூ முடித்திருந்தேன். வேதியியலில் நல்ல மதிப்பெண். கல்லூரிக்கு அனுப்ப வீட்டில் வசதி இல்லை. முதல் நாள் காலையில் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, நிட்டிங்கிலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய கிரே துணியை மேசைமேல் விரிக்கச் சொன்னார். சொம்புத் தண்ணீரில் விரலை நனைத்துத் துணிமேல் ஒரு சொட்டு வைத்தார். சொட்டு உருண்டு திரண்டு நின்றது. ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு நிமிடம் ஆயிற்று, அப்படியே இருந்தது. பக்கத்தில் சலவை முடிந்த துணியை விரித்து அதிலும் ஒரு சொட்டு வைத்தார். வைத்த இடம் ஈரமாயிற்று, சொட்டைக் காணோம்.

“இது குடிக்குது, அது குடிக்க மாட்டீங்குது. ரெண்டும் ஒரே பஞ்சுதான். ஏன்னு உன்ற பொஸ்தகத்துல போட்டிருக்குதா கண்ணு?” என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று ராத்திரி வேதியியல் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். போட்டிருந்தது. பரீட்சைக்காக இரண்டு வருடம் நான் மனப்பாடம் செய்த பாடம்தான் அது. பஞ்சு, துணி என்ற சொற்கள் அதில் இல்லாததால் மாஸ்டர் கேட்டபோது எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

தண்ணீர் மூலக்கூறில் ஓர் ஆக்சிஜன், இரண்டு ஹைட்ரஜன். எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொண்டு மூன்றும் பிணைந்திருக்கின்றன. இதைச் சகப்பிணைப்பு என்கிறோம். ஆனால் பங்கு சமமாக இல்லை. எலக்ட்ரானை இழுக்கும் திறனில் ஆக்சிஜனுக்கு 3.44 என்றால் ஹைட்ரஜனுக்கு 2.20தான். அதனால் ஆக்சிஜன் பக்கம் கொஞ்சம் எதிர்மின் தன்மையும் ஹைட்ரஜன் பக்கம் கொஞ்சம் நேர்மின் தன்மையும் வந்துவிடுகின்றன. மூன்று அணுக்களும் நேர்கோட்டில் இருந்திருந்தால் இரண்டு பக்க இழுப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போயிருக்கும். கார்பன் டை ஆக்சைடில் அப்படித்தான் நடக்கிறது. தண்ணீர் மூலக்கூறு 104.5 பாகையில் வளைந்து நிற்கிறது. அந்த வளைவினால் அதற்கு இரண்டு முனைகள் அமைகின்றன. ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன் முனை அடுத்ததன் ஆக்சிஜன் முனையைப் பிடிக்கிறது. இந்தப் பிடிக்குத்தான் ஹைட்ரஜன் பிணைப்பு என்று பெயர். மூலக்கூறுக்குள் இருக்கும் சகப்பிணைப்போடு ஒப்பிட்டால் இது இருபதில் ஒரு பங்கு வலுவுள்ளது. ஆனால் எண்ணிக்கையில் கோடானுகோடி.

பருத்தி இழையின் மேல்தோலில் இயற்கையாகவே மெழுகு உண்டு. எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவுதான். மெழுகுக்கு மின்முனை கிடையாது, தண்ணீர் பற்றிக்கொள்ள அதில் இடமில்லை. ஆகவே தண்ணீர் தன்னைத்தானே இறுக்கிப் பிடித்துக்கொண்டு உருண்டையாகிறது. மாஸ்டர் காட்டிய சொட்டு அதுதான். மெழுகுக்குக் கீழே இருக்கும் செல்லுலோஸின் கதையே வேறு. அது குளுக்கோஸ் அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி. ஒவ்வோர் அலகிலும் மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகள். ஒவ்வொன்றும் தண்ணீர் பிடிக்க ஒரு கைப்பிடி. காஸ்டிக் சோடாவும் வெட்டிங் ஆயிலும் போட்டுக் கொதிக்கவைத்து மெழுகை எடுத்துவிட்டால், பருத்தி தானாகத் தண்ணீரைக் குடிக்கும். வெட்டிங் ஆயில் மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயோடு சேரும், மறுமுனை தண்ணீரோடு சேரும். இரண்டு பக்கத்துக்கும் உறவுக்காரன் நடுவில் நின்று வழக்கைத் தீர்ப்பதைப்போல, மெழுகைத் தண்ணீருக்குள் இழுத்துவிடும்.

அந்தச் சொட்டுச் சோதனையை 35 ஆண்டுகளாக ஒரு பேட்ச்சுக்கும் நான் விட்டதில்லை. சொட்டு நின்றால் துணி சாயத்துக்குப் போகக் கூடாது. திட்டுத் திட்டாகச் சாயம் நிற்கும். பிறகு அதைச் சீராக்குவது பெரும்பாடு.

சாயத்துக்கு வருகிறேன். நாங்கள் பருத்திக்குப் போடுவது பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம். 1956இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் ‘புரோசியன்’ என்ற பெயரில் இதை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அங்கிருந்த ராட்டி, ஸ்டீபன் என்ற இரண்டு வேதியியலர்களின் கண்டுபிடிப்பு. அதற்கு முன்னால் புழங்கிய டைரக்ட் சாயங்கள் துணியைச் சின்னச் சின்னப் பிடிகளால் பற்றிக்கொண்டு கிடக்கும், துவைக்கத் துவைக்க விட்டுப்போகும். ரியாக்டிவ் சாயமோ செல்லுலோஸோடு சகப்பிணைப்பே ஏற்படுத்திக்கொள்கிறது. சாயம் துணியின் ஓர் அங்கமாகிவிடுகிறது. நல்ல சாயம் போட்ட பனியன் கிழியும்வரை நிறம் மாறாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

அந்தப் பிணைப்பு ஏற்படுமுன் சாயம் துணிக்கு அருகில் வர வேண்டும். வராது. தண்ணீரில் கரைவதற்காகச் சாய மூலக்கூறில் சல்ஃபோனேட் தொகுதிகளை வைத்திருக்கிறார்கள். அவை எதிர்மின் சுமை உள்ளவை. தண்ணீரில் நனைந்த பருத்தியின் மேற்பரப்பிலும் எதிர்மின் சுமையே இருக்கிறது. ஒன்றையொன்று தள்ளும். போதாக்குறைக்குத் தண்ணீர் மூலக்கூறுகள் சாயத்தைச் சுற்றிச் சூழ்ந்து தங்களோடு வைத்துக்கொள்கின்றன. இந்தத் தடையை விலக்கத்தான் உப்பு. உப்பின் சோடியம் அயனிகள் நேர்மின் சுமையோடு துணியை மொய்த்துக்கொண்டு, துணிக்கும் சாயத்துக்கும் இடையே இருக்கும் தள்ளுதலை மறைத்துவிடுகின்றன. சாயம் துணியில் ஏறுகிறது. “உப்பில்லாம சாயம் ஏறாது” என்பது எங்கள் தொழிலின் பாலபாடம்.

எவ்வளவு உப்பு என்பதைச் சொல்ல வேண்டும். கருநீலம், கறுப்பு, அடர்சிவப்பு போன்ற ஷேடுகளுக்கு லிட்டருக்கு 80 கிராம். நான் சேர்ந்த காலத்தில் வின்ச் மிஷின்கள். ஒரு கிலோ துணிக்கு 15 லிட்டர் தண்ணீர் போகும். 300 கிலோ துணிக்கு 4500 லிட்டர். அதற்கு உப்பு 360 கிலோ. துணியைவிட உப்பு கனம்! மூட்டை மூட்டையாகப் பிரித்துத் தொட்டியில் கொட்டுவது என் வேலை. கொட்டிய சில நிமிடங்களில் உப்பு இருந்த தடமே இருக்காது.

அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். உப்பில் சோடியமும் குளோரைடும் அயனிப் பிணைப்பால் கட்டுண்டு கிடக்கின்றன. சமையல் உப்பை நெருப்பில் வைத்து உருக்க வேண்டுமானால் 801 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். அப்படிப்பட்ட கட்டைத் தண்ணீர் சாதாரண வெப்பநிலையில் அவிழ்த்துவிடுகிறது. தன் ஆக்சிஜன் முனைகளால் சோடியத்தையும் ஹைட்ரஜன் முனைகளால் குளோரைடையும் சூழ்ந்து, ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்து எடுத்துக்கொள்கிறது. இவ்வளவு சுலபமாக எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுக்குமா என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. எங்களில் யாருமே கேட்கவில்லை.

உப்பில் இன்னொரு பாடமும் உண்டு. சமையல் உப்புக்குப் பதிலாகக் கிளாபர் உப்பு, அதாவது சோடியம் சல்ஃபேட் போடுவோம். அது இரண்டு வடிவத்தில் வரும். ஒன்று மாவுபோல, தண்ணீர் இல்லாதது. இன்னொன்று பளிங்குபோல, ஒவ்வொரு சோடியம் சல்ஃபேட் அலகும் பத்துத் தண்ணீர் மூலக்கூறுகளைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கும். எடை போட்டுப் பார்த்தால் அந்தப் பளிங்கில் பாதிக்கு மேல், நூற்றுக்கு 56 பங்கு, தண்ணீர்தான். ஒருமுறை மாவு உப்பு தீர்ந்துபோய்ப் பளிங்கு உப்பு வந்திறங்கியது. யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானும் மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் பழைய அளவிலேயே நிறுத்துப் போடச் சொல்லிவிட்டேன். கருநீலம் கேட்ட பார்ட்டிக்கு நீலம் போயிற்று. கையில் எடுத்தால் காய்ந்துதான் இருந்தது அந்தப் பளிங்கு. காய்ந்த பொருளுக்குள் தண்ணீர் இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் முழுதாக உணர்ந்தேன். அதன் பிறகு மூட்டையின் லேபிளைப் படிக்காமல் எடை போட அனுமதித்ததில்லை.

சாயம் துணியில் ஏறிய பிறகு சோடா, அதாவது சோடியம் கார்பனேட், போட வேண்டும். சோடா தண்ணீரைக் காரமாக்கும். அப்போது செல்லுலோஸின் ஹைட்ராக்சில் தொகுதி ஒரு ஹைட்ரஜன் அயனியை இழந்து சாயத்தோடு வினைபுரியத் தயாராகும். 60 பாகையில் பிணைப்பு விழ ஆரம்பிக்கும். இங்கேதான் தண்ணீர் போட்டிக்கு வருகிறது. தண்ணீரிலும் அதே ஆக்சிஜன், அதே ஹைட்ரஜன். துணி பிடிக்க வேண்டிய சாயத்தைத் தண்ணீரும் பிடிக்கும். தண்ணீரோடு பிணைந்த சாயம் செத்த சாயம். நிறம் இருக்கும், துணியோடு பிணையும் சக்தி இருக்காது.

இதை நான் ஒரு வாளி சாயத்தைப் பாழாக்கிக் கற்றுக்கொண்டேன். சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். மறுநாள் காலை வேலை சீக்கிரம் ஆகட்டும் என்று ராத்திரியே சாயத்தைக் கரைத்து, அதே வாளியில் சோடாவையும் கலந்து மூடி வைத்துவிட்டுப் போனேன். காலையில் பார்க்கக் கரைசல் அதே சிவப்பு. மிஷினில் ஊற்றினோம், ஓட்டினோம். துணியும் சிவப்பாகத்தான் வந்தது. அலசத் தொடங்கியதும் தண்ணீர் சிவக்கச் சிவக்க, துணி வெளுத்துக்கொண்டே போய்க் கடைசியில் இளஞ்சிவப்பில் நின்றது. மாஸ்டர் திட்டவில்லை. கொஞ்ச நேரம் துணியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “சாயத்துக்குக் கலியாணம் ஒரு தடவைதான் கண்ணு. நீ ராத்திரியே தண்ணிக்குக் கட்டிக் குடுத்துட்டே.”

அந்த ஒரு வாக்கியத்தில் முழுப் பாடமும் இருந்தது. எவ்வளவு கவனமாகச் செய்தாலும் போட்ட சாயத்தில் நூற்றுக்கு 60 முதல் 80 பங்குதான் துணியோடு பிணைகிறது. மீதியைத் தண்ணீர் கொண்டுபோய்விடும். சோடாவை ஒரே வீச்சில் கொட்டாமல் சிறுகச் சிறுகப் போடுவதும், வெப்பத்தைப் படிப்படியாக ஏற்றுவதும், நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் கணக்கிடுவதும் அந்தப் போட்டியில் துணியை ஜெயிக்க வைப்பதற்காகத்தான்.

செத்த சாயம் முழுவதும் தண்ணீரோடு போய்விட்டால் பரவாயில்லை. அதில் ஒரு பகுதி துணிமேல் ஹைட்ரஜன் பிணைப்பு போன்ற மெல்லிய பிடிகளால் ஒட்டிக்கொண்டு கிடக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒரே நிறம். 1990களின் நடுவில் ஏற்றுமதிக்குப் போன டிஷர்ட் லாட் ஒன்று திரும்பி வந்தது. வெள்ளை உடம்பு, சிவப்புக் காலர். வாங்கியவர் முதல் சலவை போட்டதும் கழுத்தைச் சுற்றிலும் வெள்ளையில் சிவப்பு இறங்கியிருந்தது. காலர் துணிக்குச் சாயம் போட்டது நாங்கள். அவசரம் என்று கம்பெனியிலிருந்து ஆள் வந்து நின்றதால், உப்பை அலசி எடுக்காமலே நேராகச் சோப்புக் கொதிக்குப் போயிருந்தோம்.

அதுதான் பிழை. துணியில் உப்பு இருக்கும்வரை, சாயத்தை ஏற்றிய அதே விசை அதைப் போகவிடாமலும் பிடித்துவைக்கும். முதலில் பச்சைத் தண்ணீரில் இரண்டு அலசல் கொடுத்து உப்பை எடுக்க வேண்டும். பிறகு 95 பாகையில் சோப்பு. அந்தச் சூட்டில் மெல்லிய பிடிகள் தளர்ந்து விட்டுப்போகும். சகப்பிணைப்புக்கு ஒன்றும் ஆகாது. உண்மையாகப் பிணைந்த சாயம் எது, ஒட்டிக்கொண்டிருக்கும் சாயம் எது என்பதைக் கொதிதண்ணீர் பிரித்துக் காட்டிவிடும். அன்றிலிருந்து ஒவ்வொரு லாட்டிலும் ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட்டேன்.

பாலியெஸ்டர் வந்தபோது இந்தப் பாடத்தின் மறுபக்கம் தெரிந்தது. பருத்தி காற்றின் ஈரத்திலிருந்தே தன் எடையில் நூற்றுக்கு எட்டுப் பங்குக்கு மேல் தண்ணீரை இழுத்துவைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அரைப் பங்குகூட இழுக்காது. தண்ணீருக்குப் பிடிகொடுக்காத இழைக்குத் தண்ணீரில் நன்றாகக் கரையும் சாயம் ஏறாது. இனம் இனத்தோடுதான் சேரும். ஆகவே மின்சுமை இல்லாத, தண்ணீரில் கரையாத டிஸ்பெர்ஸ் சாயத்தைத் தூளாகத் தண்ணீரில் பரப்பி, மூடிய மிஷினில் அழுத்தம் கொடுத்து 130 பாகைக்குச் சூடேற்ற வேண்டும். அந்தச் சூட்டில் இழையின் இறுக்கம் தளர்ந்து சாயம் உள்ளே போய் அடங்கும். உப்பும் வேண்டாம், சோடாவும் வேண்டாம். பருத்தியில் பழகிய கை பாலியெஸ்டர் மிஷினில் முதல் நாள் உப்பு மூட்டையைத் தேடும்.

கடினத் தண்ணீர் எங்களுக்கு நிரந்தரத் தலைவலி. கால்சியமும் மக்னீசியமும் இரட்டை நேர்மின் சுமை கொண்ட அயனிகள். சாயத்தின் எதிர்மின் தொகுதிகளைச் சோடியத்தைவிட இறுக்கமாகப் பிடித்துக் கட்டியாக்கிவிடும். துணியில் புள்ளி விழும். லாரித் தண்ணீர் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கிணற்றிலிருந்து வரும். இறக்குமுன் கூம்புக் குடுவையில் கொஞ்சம் எடுத்து, பஃபர் சேர்த்து, எரியோகுரோம் பிளாக் டி போட்டால் ஒயின் சிவப்பாகும், ஈ.டி.டி.ஏ. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு நீலமாகும்வரை எண்ணினால் கடினம் எவ்வளவு என்று தெரியும். கடினமானால் சாஃப்ட்னர் வழியாக விட வேண்டும். அதிலுள்ள பிசின் மணிகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுவிக்கும். அந்த மணிகள் நிரம்பிவிட்டால் உப்புத் தண்ணீர் ஊற்றிப் பழையபடி ஆக்குவோம். அதிகச் சோடியம் வந்து கால்சியத்தைத் தள்ளி வெளியேற்றும். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது.

ஒரத்துப்பாளையம் அணைக்கு அருகே எனக்கு ஒரு தாய்மாமன் இருந்தார். நொய்யல் ஆறு வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோயம்புத்தூர், திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் கலக்கிறது. அந்த ஆற்றின் குறுக்கே பாசனத்துக்கென்று 1992இல் கட்டிய அணைதான் ஒரத்துப்பாளையம். சில ஆண்டுகளிலேயே அதில் நின்றது எங்கள் பட்டறைகளின் கழிவுத் தண்ணீர்தான். தை மாதம் ஒருமுறை மாமன் வீட்டுக்குப் போயிருந்தேன். கிணற்றிலிருந்து இறைத்த தண்ணீரை ஒரு டம்ளரில் கொடுத்தார். வாயில் வைத்ததும் தெரிந்தது. 300 கிலோ துணிக்கு எத்தனை மூட்டை என்று கணக்குப் போட்டுக் கொட்டிய என் கைக்கு அந்த ருசி புதிதில்லை. தோட்டத்தில் தென்னை ஓலை காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. மண் மழை பெய்தால் சேறாகி, காய்ந்தால் கல்லாகிக் கிடந்தது.

“நீங்க கொட்டற உப்பு எங்க போகும்னு நெனச்சீங்க மாப்பிள்ளை?” என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. அதனால்தான் இன்றும் மறக்க முடியவில்லை.

எங்கள் பட்டறையில் அப்போது சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்ஃபேட்டும் போட்டுக் கழிவைத் தெளியவைத்துத்தான் விட்டோம். சாயம் கசடாகக் கீழே இறங்கிவிடும், மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். நிறம் போய்விட்டது என்று நிம்மதியாக இருந்தோம். உப்புக்கு நிறம் இல்லை. தண்ணீர் தன் முனைகளால் சூழ்ந்து பிடித்து வைத்திருக்கும் சோடியமும் குளோரைடும் சுண்ணாம்புக்கு அசையாது. கண்ணுக்குத் தெரிந்ததை எடுத்தோம், கண்ணுக்குத் தெரியாததை ஆற்றில் விட்டோம். அது மாமன் வயலுக்குப் போய், எங்கள் சாஃப்ட்னரில் நாங்கள் செய்த வேலையையே செய்தது. களிமண் துகள்களைப் பொலபொலப்பாகச் சேர்த்து வைத்திருந்த கால்சியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் சோடியம் உட்கார்ந்துகொண்டது. மண்ணின் கட்டமைப்பே குலைந்து போயிற்று.

விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவிட்டது. கழிவுத் தண்ணீர் ஒரு சொட்டும் வெளியே போகாத ஏற்பாடு செய்த பிறகே திறக்கலாம் என்றார்கள். வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த அந்த மாதங்கள் கடினமானவை. பட்டறை ஆட்கள் பலர் ஊர் திரும்பினார்கள். ஆனாலும் அந்தத் தீர்ப்பு சரியானது என்றே அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். மாமன் கொடுத்த தண்ணீரைக் குடித்தவன் வேறு எப்படி நினைக்க முடியும்?

திறந்த பிறகு எங்களுக்கு ஒரு புதிய வேலை வந்தது. தண்ணீரிலிருந்து உப்பைத் திரும்ப வாங்கும் வேலை. முதலில் சவ்வு வழியாக அழுத்தம் கொடுத்துத் தண்ணீரைப் பிழிந்தெடுக்கிறோம், நாங்கள் ஆர்.ஓ. என்று சொல்வது. உப்புச் செறிவு ஏற ஏறத் தேவையான அழுத்தமும் ஏறும். ஓர் எல்லைக்குமேல் சவ்வு பயன்படாது. மீதியை ஆவியாக்க வேண்டும். இங்கேதான் தண்ணீர் தன் பிடிக்கு முழு விலை கேட்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரை 30 பாகையிலிருந்து 100 பாகைக்குச் சூடேற்ற சுமார் 290 கிலோஜூல் போதும். அதே தண்ணீர் அந்த 100 பாகையிலேயே ஆவியாக 2257 கிலோஜூல் வேண்டும். கிட்டத்தட்ட எட்டு மடங்கு. அதில் பெரும்பகுதி மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடியை விடுவிப்பதற்காகச் செலவாகிறது.

அந்தப் பிடியின் வலுவை வேறு ஒரு வழியிலும் பார்க்கலாம். சல்ஃபர் கறுப்பு போடும் பட்டறைக் கழிவில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. தண்ணீர் மூலக்கூறைப்போலவே வளைந்த அமைப்பு, ஆக்சிஜன் இடத்தில் கந்தகம். எடையும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கனமான மூலக்கூறு தாமதமாகக் கொதிக்க வேண்டும்; இதுவோ பூஜ்யத்துக்குக் கீழே 60 பாகையிலேயே கொதித்து வாயுவாகிவிடுகிறது. கந்தகத்துக்கு எலக்ட்ரானை இழுக்கும் திறன் குறைவு, அதனால் ஹைட்ரஜன் பிணைப்பு அதில் பெயரளவுக்குத்தான். தண்ணீருக்கு அந்தப் பிடி இல்லாதிருந்தால் ஆறும் இல்லை, கிணறும் இல்லை. இந்த வாயு ஆளைக் கொல்லும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். செறிவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும். மூடிக் கிடந்த கழிவுத் தொட்டிக்குள் காற்றோட்டமும் வாயுச் சோதனையும் பாதுகாப்புக் கருவியும் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள்.

ஆவியாக்கும் கொப்பரைகளை நாலைந்தாக வரிசையில் வைத்து, ஒன்றின் ஆவியை அடுத்ததற்குச் சூடாகக் கொடுத்து விறகையும் நிலக்கரியையும் மிச்சப்படுத்துகிறோம். சோடியம் சல்ஃபேட் கரைசலாக இருந்தால் குளிரவைப்போம். சூடு குறையும்போது அதன் கரைதிறன் வேகமாக இறங்கும். பத்துத் தண்ணீர் மூலக்கூறுகளைக் கட்டிக்கொண்டு பளிங்காக விழும். என்னை ஒருகாலத்தில் ஏமாற்றிய அதே பளிங்கு. முதல்முறை எங்கள் கழிவிலிருந்தே அந்த உப்பு வந்து விழுந்தபோது, ஒரு கை அள்ளிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த பேட்ச்சுக்கு அதையே போட்டோம். சாயம் ஏறியது. பல ஆண்டுகள் ஆற்றில் விட்டது இப்படித் திரும்ப வாங்கக்கூடியதாகவே இருந்திருக்கிறது என்பதை நினைத்து அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது நான் வேலைக்குப் போவதில்லை. பட்டறை லேப்களில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். முதல் நாள் கிரே துணிமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வைக்கச் சொல்கிறேன். இரண்டாம் நாள் உப்புக் கணக்குப் போடச் சொல்கிறேன். இன்றைய சாஃப்ட் ஃப்ளோ மிஷினில் கிலோவுக்கு 6 லிட்டர் தண்ணீர் போதும். அதே 300 கிலோ துணிக்கு 1800 லிட்டர். அதே 80 கிராம் என்றாலும் உப்பு 144 கிலோ. நான் கொட்டிய 360 கிலோவில் பாதிகூட இல்லை. தண்ணீரைக் குறைத்தால் உப்பு தானாகக் குறையும். குறைந்த உப்பில் ஏறும் சாயங்களும் இன்று கிடைக்கின்றன.

தம்பிகளே, தங்கைகளே, மிஷினில் ஒரு மூட்டை உப்பைக் கொட்ட இரண்டு நிமிடம் ஆகும். அதைத் தண்ணீரிடமிருந்து திரும்ப வாங்க, ஆவியாகும் ஒவ்வொரு லிட்டருக்கும் 2257 கிலோஜூல் ஆகும். அந்த விலையை நீங்கள் கொடுக்காவிட்டால் ஆற்றுக்குக் கீழே இருக்கும் ஒருவர் தன் கிணற்றாலும் மண்ணாலும் கொடுப்பார். மூட்டையின் தையலைப் பிரிக்குமுன் தராசைப் பாருங்கள். ஒரு கிலோ குறைத்துப் போட முடியுமா என்று ஒவ்வொரு பேட்ச்சுக்கும் கேளுங்கள்.